கர்ப்பிணிக்கு நீர்க்கடுப்பா? சூடு என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள்

இந்த வாரமும் ஒரு ஏழாம் மாதக் கர்ப்பிணி குளிர்காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். வலது விலாவுக்குக் கீழே முதுகைத் தொடவே விடவில்லை. வாந்தி வேறு. வயிறு விட்டுவிட்டு இறுகிக்கொண்டிருந்தது. பத்து நாளாகவே நீர்க்கடுப்பு இருந்திருக்கிறது. "ஏம்மா முன்னாடியே வரல?" என்றேன். "சூடுன்னு நெனச்சோம் டாக்டர்" என்றார் கூட வந்த மாமியார். பார்லித் தண்ணி, இளநீர், வெந்தயம் ஊறவைத்த மோர், கால் பெருவிரலில் விளக்கெண்ணெய் என்று எல்லாம் அக்கறையாகத்தான் செய்திருக்கிறார்கள். தொற்று சிறுநீரகம்வரை ஏறிவிட்டிருந்தது.

எத்தனை தடவைதான் இதைச் சொல்வது? கர்ப்பிணிக்கு வரும் நீர்க்கடுப்பு பெரும்பாலும் கிருமித் தொற்று. மாம்பழம் சாப்பிட்டதாலோ கறி சாப்பிட்டதாலோ வெயிலில் போனதாலோ சிறுநீர்ப்பையில் கிருமி வந்து உட்காருவதில்லை. பெரும்பாலும் ஈ.கோலை என்ற கிருமிதான் காரணம். அது நம் குடலிலேயே இருப்பது. தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் லேசாக எரியும், உண்மைதான். ஆனால் அதுவா இதுவா என்று வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. இளநீரோ பார்லியோ குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். உடனே சூடு தணிந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். கிருமியோ அங்கேயே பெருகிக்கொண்டிருக்கும். இளநீர் குடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் குடியுங்கள், குடித்துவிட்டு டாக்டரிடம் வாருங்கள்.

எரிச்சலே இல்லாமலும் கிருமி இருக்கும். நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் பத்துப் பேருக்கு அப்படித்தான். கவனிக்காமல் விட்டால் அவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்குச் சிறுநீரகத் தொற்று வரலாம் என்றுதான் எங்கள் பாடநூல்கள் சொல்கின்றன. அதனால் குறைப்பிரசவம் ஆகலாம், தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் செக்கப்பின்போதே யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று லேபில் வைத்துப் பார்க்கும் டெஸ்ட், கேட்பது இதற்காகத்தான். "மாசாமாசம் யூரின் பாக்கறாங்களே" என்பார்கள். அங்கே பார்ப்பது ஆல்புமின் என்ற புரதமும் சர்க்கரையும். கல்ச்சர் வேறு, முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். சுத்தமாகக் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை மட்டும் லேப் தரும் டப்பாவில் பிடியுங்கள், உடனே கொடுங்கள். காலையில் பிடித்துப் பையில் வைத்து மதியம் கொண்டுவந்தால் அந்த ரிசல்ட்டை நம்ப முடியாது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். அக்காவுக்கு எழுதிக்கொடுத்த சீட்டும் உங்களுக்கு ஆகாது. வழக்கமாக இதற்குத் தரும் சிப்ரோஃப்ளாக்சசினைக் கர்ப்பத்தில் தவிர்ப்போம். நைட்ரோஃபுரண்டாயின் நல்ல மருந்துதான், ஆனால் பிரசவம் நெருங்கும் வாரங்களில் கொடுப்பதில்லை. எழுதிக்கொடுத்ததை முழுக்கச் சாப்பிடுங்கள். இரண்டாம் நாளே எரிச்சல் போய்விட்டது என்று நிறுத்தினால் திரும்ப வரும். மருந்து முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி கல்ச்சர் பார்க்க வேண்டும். சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: கல்ச்சரில் குரூப் பி ஸ்ட்ரெப் என்ற கிருமி வளர்ந்தால் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதிவையுங்கள். இப்போது குணமானாலும் பிரசவ வலியின்போது ஆன்டிபயாடிக் கொடுத்தாக வேண்டும்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், ஒழுங்கான கழிப்பறை இல்லாத பள்ளிகளில் வேலை பார்க்கும் டீச்சர்கள் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கிக்கொண்டு மாதங்களை ஓட்டுகிறார்கள். வேலைக்கு வைத்திருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், கர்ப்பிணிக்கு ஒரு சுத்தமான கழிப்பறையும், நினைத்தபோது போய்வர அனுமதியும் கொடுங்கள்.

ஏற்கெனவே யூரின் இன்ஃபெக்ஷன் வந்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குளிர்காய்ச்சலோடு முதுகுப் பக்கம் வலித்தால் விடியட்டும் என்று படுத்திருக்க வேண்டாம். ராத்திரி எத்தனை மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.