பதின்மானக் கணக்கு பிரிவு எல்லையில் சறுக்குவது ஏன்?

வரிசைப்படுத்திய தரவைப் பத்துச் சம பங்குகளாகப் பிரிக்கும் ஒன்பது எண்கள்தான் பதின்மானங்கள். பிரிவு பிரிவாகத் தொகுக்கப்பட்ட அட்டவணையிலிருந்து அவற்றைக் காண ஒரே சூத்திரம்தான். அது எல்லோருக்கும் மனப்பாடம். விடை தப்பும்போது திருப்பிப் பார்த்தால், அட்டவணையிலிருந்து எடுத்துப் போட்ட எண் ஒன்று மாறியிருக்கும்.

120 பேரின் மதிப்பெண்களை எடுத்துக்கொள்வோம். 10–19-இல் 8 பேர், 20–29-இல் 22, 30–39-இல் 45, 40–49-இல் 30, 50–59-இல் 15. குவிவு நிகழ்வெண்கள், அதாவது அந்தந்தப் பிரிவு வரை வந்தவர்களின் மொத்தம், 8, 30, 75, 105, 120. ஏழாம் பதின்மானம் வேண்டுமென்றால் 120-ஐ 7-ஆல் பெருக்கி 10-ஆல் வகுக்க வேண்டும்: 84. குவிவு நிகழ்வெண் முதன்முதலாக 84-ஐ எட்டுவதோ தாண்டுவதோ எந்தப் பிரிவில்? 40–49-இல். முந்தைய பிரிவு வரை 75 பேர் வந்துவிட்டார்கள். இன்னும் 9 பேர் தேவை. இந்தப் பிரிவில் இருப்பது 30 பேர், அகலம் 10. ஆகவே 9-ஐ 30-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் 3. கீழ் எல்லை 39.5-உடன் கூட்டினால் 42.5.

40 என்று எழுதியிருக்கும்போது 39.5 எங்கிருந்து வந்தது? 39-க்கும் 40-க்கும் நடுவே 1 இடைவெளி இருக்கிறது. அதை இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இதை விட்டால் விடை 43. 49-இலிருந்து 40-ஐக் கழித்து அகலம் 9 என்று போடுவது இன்னொரு வழக்கமான தப்பு, அப்போது 42.2 வரும். இரண்டுமே பார்க்க நியாயமான எண்கள் என்பதால் சந்தேகமே எழாது.

முந்தைய 75-க்குப் பதில் அதே பிரிவின் 105-ஐக் கழித்தால் 32.5 வரும். 40–49 பிரிவுக்குள் விழ வேண்டிய விடை வெளியே நிற்பதால் இந்தத் தப்பு தானே காட்டிக்கொடுத்துவிடும். நல்ல தப்பு!

வயது அட்டவணையில் மட்டும் கை தானாக 0.5-ஐக் கழித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 30–39 என்பது நிறைவடைந்த வயதானால், 39 வயது 11 மாதமானவரும் அதில்தான் இருக்கிறார். உண்மையான எல்லைகள் 30, 40. அங்கே அரையைக் கழித்தால் பதின்மானங்கள் எல்லாம் ஆறு மாதம் இளமையாகிவிடும்.

தனி விவரங்களை வரிசைப்படுத்தும்போது மொத்தத்துடன் 1 கூட்டிப் பழகியவர்கள் இங்கேயும் 121 என்று தொடங்குவதுண்டு. தொகுத்த தரவுக்கு அது வேண்டாம். பிரிவுகளின் அகலம் சமமாக இல்லாவிட்டால், விடை விழும் பிரிவின் அகலத்தையே போட வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் 42.5 ஒரு மதிப்பீடுதான். அந்த 30 பேரும் பிரிவு முழுக்கச் சீராகப் பரவியிருக்கிறார்கள் என்று நாம் வைத்துக்கொண்டோம். அவர்களில் பெரும்பாலோர் 40-இலேயே குவிந்திருந்தால் உண்மையான எண் கீழே இறங்கும். இந்த ஊகம் எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க, 30–39, 40–49 இரண்டையும் ஒன்றாக்கிப் பாருங்கள்: 75 பேர், அகலம் 20, முந்தைய குவிவு 30. இப்போது ஏழாம் பதின்மானம் 43.9. தரவு அதேதான், பிரிவை அகலமாக்கியதற்கே 1.4 நகர்ந்துவிட்டது. இந்த நிலையில் ஐந்து தசம இடம் வரை விடை எழுதுவதில் என்ன பயன்?

கடைசிப் பிரிவு ‘50-உம் அதற்கு மேலும்’ என்று திறந்திருந்தால்? ஏழாம் பதின்மானத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒன்பதாம் பதின்மானத்துக்கு 108-ஆம் இடம் தேவை. அது அந்தப் பிரிவுக்குள்தான் விழுகிறது. அகலம் தெரியாமல் கணக்கு நகராது. முந்தைய பிரிவின் அகலமான 10-ஐயே அதற்கும் கொடுப்பவர்கள் அதை அறிக்கையில் எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் ‘49.5-க்கு மேல்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.