செறிவூட்டலா, நீரூட்டலா?

நிலத்தடியில் நீரைச் சேர்த்துவைப்பது பற்றிய அமெரிக்க மாநிலச் சட்டங்கள் தமிழில் பேசப்படும்போதெல்லாம் ‘நிலத்தடி நீர் செறிவூட்டல்’ என்ற தொடர் தவறாமல் வந்துவிடுகிறது. அரிசோனா மாநிலம் 1994இல் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே ஸ்டோரேஜ், சேவிங்ஸ், ரிப்ளெனிஷ்மென்ட் என்று மூன்று சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றோடு ரீசார்ஜ், ரெக்கவரி என்ற இரண்டும் சேர்ந்தே புழங்குகின்றன. ஐந்துக்கும் ஐந்து பொருள். நம் மொழிபெயர்ப்பாளர்களோ கடைசி ஒன்றைத் தவிர மற்ற நான்கையும் செறிவூட்டல் என்ற ஒரே பானைக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரீசார்ஜ் என்பதன் வேர், வண்டியைக் குறிக்கும் ‘கர்ருஸ்’ என்ற இலத்தீன் சொல். வண்டியில் பாரம் ஏற்றுதல் என்பது பிரெஞ்சு வழியாக வந்து, ‘மீண்டும் ஏற்றுதல்’ என்றாயிற்று. ரிப்ளெனிஷ் என்பதில் இருப்பது நிறைவைக் குறிக்கும் ‘ப்ளேனுஸ்’. நீர் தங்கும் நிலத்தடி அடுக்கைக் குறிக்கும் அக்விஃபர் என்பது ‘அக்வா’ என்ற நீரும் ‘ஃபெர்ரே’ என்ற சுமத்தலும் சேர்ந்தது. இதற்கு நேராக ‘நீர்த்தாங்கி’ என்று ஆக்கியவர்கள் வேரை மதித்தார்கள்; ஆனால் இலங்கைத் தமிழில் தாங்கி என்றால் தண்ணீர்த் தொட்டி என்பதை மறந்தார்கள். ‘நிலத்தடி நீர்த்தேக்கம்’ என்பது அதைவிட மோசம், ஏனெனில் மணலுக்கும் சரளைக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் தங்கும் நீரை அது பாதாள ஏரியாகக் காட்டுகிறது. ‘நீர்கொள் படுகை’ போதும். படுகை என்பது ஆற்றுப் பரப்பையும் குறிக்குமே என்ற தயக்கத்தை ‘நீர்கொள்’ என்ற அடை தீர்த்துவிடுகிறது.

இனிச் செறிவூட்டலுக்கு வருவோம். செறிதல் என்றால் நெருங்குதல், அடர்தல், இறுகுதல். தண்டியலங்காரம் சொல்லும் பத்துக் குணங்களில் முதலாவதாக நிற்கும் செறிவும் தொடுப்பின் நெகிழாமையைத்தான் குறிக்கிறது. இந்தப் பொருளிலிருந்து விலகாமல்தான் அறிவியல் தமிழும் அச்சொல்லை எடுத்துக்கொண்டது: கரைசலின் செறிவு, செறிவூட்டிய யுரேனியம், செறிவூட்டப்பட்ட அரிசி. ஒவ்வொன்றிலும் ஒரு பொருளுக்குள் இன்னொன்றின் விகிதம் கூடுகிறது. அப்படியானால் ‘நிலத்தடி நீர் செறிவூட்டல்’ என்பதைத் தமிழறிந்த ஒருவர் எப்படிப் படிக்க வேண்டும்? நீருக்குள் எதையோ கலந்து அதை அடர்த்தியாக்குவது என்றுதானே? நடப்பதோ பெரும்பாலும் நேர்மாறானது. உப்பு மிகுந்த நிலத்தடி நீரோடு நன்னீர் கலந்தால் உப்பின் செறிவு குறைகிறது. ஆகவே ஒரே அறிக்கையின் ஒரு பத்தியில் ‘நீரைச் செறிவூட்ட வேண்டும்’ என்றும், அடுத்த பத்தியில் ‘நைட்ரேட் செறிவைக் குறைக்க வேண்டும்’ என்றும் எழுத நேர்கிறது. எழுதியவருக்கு இதில் முரண் எதுவும் தெரிவதில்லை.

இச்சொல்லை ஆதரிப்பவர்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. படுகையின் இடைவெளிகள் முழுதும் நீரால் நிறைந்திருக்கும் நிலையை நீர் செறிந்த மண்டலம் என்பது பொருத்தமே. ஆகவே அந்நிலையை உண்டாக்குவது செறிவூட்டல்தானே என்கிறார்கள். ஆனால் அங்கே செறிவது நிலம், செறிய வைப்பது நீர். ‘நிலத்தைச் செறிவூட்டல்’ என்று எழுதியிருந்தால் வாதம் நின்றிருக்கும். ‘நிலத்தடி நீர் செறிவூட்டல்’ என்று எழுதியபின், கருவியைச் செயப்படுபொருளாக்கிய பிழைக்கு எந்த இலக்கணமும் துணைவராது. அரசு ஆவணங்களில் வேரூன்றிவிட்டது, இனி மாற்ற முடியாது என்பது மற்றொரு வாதம். அதை வாதம் என்று சொல்வதைவிடச் சோம்பல் என்று சொல்லலாம்.

சட்டத்துக்குள் நுழையும்போது இந்தக் குழப்பம் வெறும் சொல்லழகு பற்றியதாக இருப்பதில்லை. கொலராடோ ஆற்று நீரைக் குளம்போன்ற பரப்பில் தேக்கி மண்ணுக்குள் இறங்கவிட்டால், அந்நீரை இறக்கியவர் பின்னாளில் எடுத்துக்கொள்வதற்கான நீண்டகால வரவை அரிசோனாச் சட்டம் அவர் பெயரில் எழுதிவைக்கிறது. பல நேர்வுகளில் இறக்கிய நீரில் 5 விழுக்காட்டைப் படுகைக்கே விட்டுவிட வேண்டும். பிறகு எடுக்கும் நீர் சட்டத்தின் பார்வையில் நிலத்தடி நீராகாது. இறக்கிய நீரின் தகுதியே அதற்கும் உண்டு. இது வங்கிக் கணக்கின் தருக்கம் (1996இல் அம்மாநிலம் தண்ணீர் வங்கி ஆணையம் ஒன்றையே நிறுவியது). ஆகவே ஸ்டோரேஜ் என்பதற்கு ‘வைப்பு’ என்பதே சரி. சேமிப்பு என்று எழுதினால் அடுத்து வரும் சேவிங்ஸ் என்பதற்குச் சொல் இல்லாமல் போகும்.

அந்தச் சேவிங்ஸ் என்பதோ இன்னும் விந்தையானது. கிணற்று நீரை இறைக்க உரிமையுள்ள உழவர் அதை இறைக்காமல், வேறொருவர் தரும் ஆற்று நீரைப் பாய்ச்சிக்கொள்கிறார். கொடுத்தவருக்கு வரவு எழுதப்படுகிறது. படுகைக்குள் எதுவும் புதிதாக இறக்கப்படவில்லை. இறைக்காமல் விட்ட நீர் மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். இதையும் செறிவூட்டல் என்று மொழிபெயர்ப்பவர் மூலத்தைப் படித்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. ‘மிச்சம்’ என்ற எளிய சொல் இங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

ரிப்ளெனிஷ்மென்ட் என்பது கடமையைச் சுட்டும் சொல். 1993இல் உருவான மத்திய அரிசோனா நிலத்தடி நீர் ஈடுநிரப்பு மாவட்டம் என்ற அமைப்பு, தன் உறுப்பினர் குடியிருப்புகள் வரம்புக்கு மேல் இறைத்த நீருக்கு ஈடாக நீரை நிலத்தடியில் சேர்த்தாக வேண்டும். இறைத்த இடத்திலேயே சேர்க்க வேண்டும் என்பதில்லை. நிலத்தடி நீர் இறைப்பைக் கட்டுப்படுத்தச் சட்டம் வகுத்த அதே மேலாண்மைப் பகுதிக்குள் வேறோர் இடத்திலும் சேர்க்கலாம். எனவே ஒரு கிணறு வற்றிக்கொண்டிருக்கும்போதே அதற்குரிய கடன் தாளில் தீர்ந்திருக்கலாம். இந்த நுட்பம் ‘ஈடு’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘மீள்நிரப்பல்’ என்பதில் இல்லை, ஏனெனில் அது வற்றிய இடமே மீண்டும் நிரம்பியதாக வாசகரை நம்பவைக்கும்.

அந்த நான்கில் எஞ்சியது ரீசார்ஜ், அதாவது நீர் படுகைக்குள் இறங்குவது. மழையால் தானாக நிகழ்வதற்கும் மனிதர் முயன்று செய்வதற்கும் பொதுவாக ‘நீரூட்டல்’ என்று சொல்லலாம். செறிவூட்டலிலிருந்து செறிவை நீக்கி நீரை வைத்தால் கிடைப்பது அது. பழகிய காதுக்கும் உறுத்தாது. இயற்கை நீரூட்டல், செயற்கை நீரூட்டல், நீரூட்டுக் கிணறு, நீரூட்டுக் குளம் என்று அடுத்தடுத்த சொற்களும் தடையின்றிப் பிறக்கின்றன. இதுவும் ஒவ்வாதவர்கள் ரீசார்ஜ் என்றே எழுதட்டும். நான் தனித்தமிழ் விரும்புகிறவன்தான். ஆனாலும் பொருளைத் திரிக்கும் தமிழ்ச் சொல்லைவிடப் பொருளைக் காக்கும் கடன்சொல் மேல்.

ரெக்கவரிக்கு ‘மீட்பு’ என்று வழங்குவதிலும் சிறு சிக்கல் உண்டு. சரிந்த நீர்மட்டம் மீண்டும் உயர்வதையும் மீட்பு என்றே எழுதுகிறோம்; சட்டம் சொல்லும் ரெக்கவரியோ வைத்த நீரை வெளியே எடுப்பது. அதற்கு ‘வைப்புநீர் எடுப்பு’ என்று எழுதினால் இரண்டும் கலக்காது.