கிராண்ட்: மானியமா, நன்கொடையா, நல்கையா?

சிறார் நல அமைப்புகளில் வேலை பார்ப்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் 'கிராண்ட்'. "கிராண்ட் வந்தாச்சா?", "அந்தச் செலவு இந்த கிராண்டில் வராது", "கிராண்ட் மார்ச்சோடு முடியுது". பேச்சில் யாருக்கும் குழப்பமில்லை. அறிக்கையோ அறிவிப்போ தமிழில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். ஒருவர் மானியம் என்கிறார், இன்னொருவர் நன்கொடை என்கிறார், மூன்றாமவர் நிதியுதவி என்று போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்.

சரி, முதலில் பொருள். அரசோ அறக்கட்டளையோ பன்னாட்டு அமைப்போ, குறிப்பிட்ட ஒரு வேலைக்காக, திருப்பிக் கேட்காமல் தரும் பணம் கிராண்ட். திருப்பித் தர வேண்டாம் என்பதால் அது கடன் ஆகாது. சொன்ன வேலைக்கே செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால், கொடுத்ததோடு மறந்துவிடும் தானமும் ஆகாது.

குடியிருப்புப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பு விண்ணப்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டுத் திடலுக்கு வேலி, இரண்டு விளக்குக் கம்பங்கள், மாலையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற இருவருக்கு ஓராண்டுச் சம்பளம். முன்மொழிவில் இவை வரிவரியாக இருக்கும். பணம் பெரும்பாலும் தவணைகளில் வரும்; முதல் தவணைக்குக் கணக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்தது. வேலி வேலை மலிவாக முடிந்து காசு மிஞ்சினால் அதில் அலுவலகத்துக்கு நாற்காலி வாங்கிவிட முடியாது. கொடுத்தவரிடம் எழுதிக் கேட்டு வேறு தலைப்புக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். சிறார் திட்டமென்றால் கூடுதலாக ஒரு கேள்வி வரும்: பிள்ளைகளோடு பழகப்போகிறவர்களின் பின்னணியைச் சரிபார்த்தீர்களா? ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த தீங்கைச் சொன்னால் அதை யார் கேட்பது, யாரிடம் கொண்டுபோவது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? இந்தத் தாள் இல்லாத விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுகிறவர்கள் உண்டு. தேவையான கண்டிப்புதான்.

இனி வேர். ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே வாக்குறுதி கொடுப்பது, உறுதிசெய்வது என்று பொருள். அதற்கும் அடியில் இருப்பது 'நம்பு' என்று பொருள்படும் லத்தீன் வினையான கிரேதெரே. கிரெடிட் என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். ஆக, கடனும் கிராண்டும் தூரத்துச் சொந்தம். கடன் கொடுப்பவர் பணம் திரும்பும் என்று நம்புகிறார்; கிராண்ட் கொடுப்பவர் சொன்ன வேலை நடக்கும் என்று நம்புகிறார்.

தமிழில் நீண்ட காலமாகப் புழங்குவது மானியம். மதிப்புக்குரியது என்று பொருள்தரும் வடசொல் 'மான்ய'விலிருந்து வந்தது. ஒரு பணிக்காகவோ மரியாதைக்காகவோ வரி நீக்கிக் கொடுத்த நிலத்துக்கு முதலில் இந்தப் பெயர். பிறகு அரசு தரும் பணத்துக்கும் ஆகிவந்தது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு, இலங்கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்று கடலுக்கு இரு பக்கமும் நிலைத்துவிட்ட பெயர். அதை மாற்றச் சொல்லி மல்லுக்கட்டுவதில் பயனில்லை. ஆனால் இன்று உர மானியம், எரிவாயு மானியம் என்றால் விலையில் ஒரு பகுதியை அரசு ஏற்பது என்றுதான் எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். 'சிறார் பாதுகாப்பு மானியம்' என்று எழுதினால், ஏதோ விலைத் தள்ளுபடி என்று ஒருவர் நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை.

நன்கொடை இன்னும் அதிகம் குழப்பும். பிரிட்டனில் பி.பி.சி. நடத்தும் 'சில்ட்ரன் இன் நீட்' என்ற நிதி திரட்டலை எடுத்துக்கொள்ளலாம். 1980 முதல் நீண்ட தொலைக்காட்சி நிகழ்ச்சியாக நடக்கிறது. பார்வையாளர்கள் மனமிரங்கி அனுப்புவது நன்கொடை. திரண்ட பணத்தை விண்ணப்பம் பார்த்து, நிபந்தனை வைத்து, ஆங்காங்கே சிறாருக்காக உழைக்கும் அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பது கிராண்ட். பணம் ஒன்றே, கை மாறும்போது பெயரும் பொறுப்பும் மாறுகின்றன. இரண்டையும் நன்கொடை என்றே எழுதினால் கணக்கர் திணறுவார்.

அப்புறம், நிலைக்கொடை என்று ஒன்று தனி. முதல் தொகையைத் தொடாமல் அதிலிருந்து வரும் வருவாயை மட்டும் செலவழிப்பது அது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடுவார்கள். பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை குறையாமல் இருக்க வேண்டும் என்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கிராண்டுக்கு அந்தச் சாகாவரம் கிடையாது. காலம் முடிந்தால் பணமும் முடிந்தது.

மிஞ்சுவது நல்கை. நல்கு என்ற வினைக்குக் கொடு, அருள் என்று பொருள். கடலிலிருந்து எடுத்த நீரை மேகம் மழையாகத் திருப்பித் தராவிட்டால் கடலும் வளம் குன்றும் என்னும் 17ஆம் குறளில் 'தான்நல்கா தாகி விடின்' என்று வருவது இதே வினை. விந்தையாக, 105ஆம் அதிகாரத்தின் தலைப்பு நல்குரவு; அதற்கு வறுமை என்று பொருள். ஒலியில் நெருங்கியிருந்தாலும் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஆய்வு நல்கை என்ற தொடர் கல்வித்துறையில் ஏற்கெனவே ஓடுகிறது. கணக்குக் காட்டும் கடமை இந்தச் சொல்லுக்குள் இல்லை என்று ஒருவர் குறை சொல்லலாம். உண்மைதான், அதனால்தான் முன்னால் ஓர் அடை சேர்ப்பது நல்லது. திட்ட நல்கை என்றால் குறித்த திட்டத்துக்கு மட்டும். பொது நல்கை என்றால் வாடகை, மின்கட்டணம் உள்பட அமைப்பின் எந்தச் செலவுக்கும். பெறுபவரும் ஒரு பங்கு போட வேண்டுமென்றால் இணை நல்கை.

சிறாரின் பாதுகாப்புக்கும் நலனுக்கும் தரும் கிராண்டை முழுத் தொடராக எழுதும்போது 'சிறார் காப்பு மற்றும் நலவாழ்வு நல்கை' என்பதே என் தேர்வு. காப்பு புதிதாக உண்டாக்கிய சொல் இல்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவதே காப்புப் பருவம்தான். குழந்தை என்பதைவிடச் சிறார் பொருத்தம். 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. ஏற்ற சிறார் உரிமை உடன்படிக்கை, பொதுவாக 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாரையும் குறிக்கிறது. 17 வயதுப் பையனைக் குழந்தை என்றால் அவனே சிரிப்பான். அதே உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு வன்முறையிலிருந்து காப்பதையும், 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் பேசுகின்றன. காப்பு, நலவாழ்வு இரண்டும் தலைப்பில் வேண்டும் என்பது அதனால்தான்.

கொடுப்பவரை நல்குநர் என்றும் வாங்குபவரை நல்கை பெறுநர் என்றும் எழுதலாம். 'நல்கையாளர்' என்று எழுதக் கை போகும். கொடுப்பவரா வாங்குபவரா என்று தெரியாமல் போவதால் ஒப்பந்தத்தில் மட்டும் அது வேண்டாம்.