சோறு சர்க்கரையாவது எங்கே?

வெறும் சோற்றை விழுங்காமல் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மைதான், ஆனால் அந்தப் பாடத்தில் வாய்க்குக் கிடைக்கும் பெயர் கொஞ்சம் அதிகம். முக்கியமான வேலை நடப்பது சிறுகுடலில்.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. அரிசியில் அது இரண்டு விதமாக இருக்கிறது: கிளையில்லாமல் நீளும் அமைலோஸ், கிளைகிளையாகப் பிரியும் அமைலோபெக்டின். அமைலேஸ் இந்தச் சங்கிலியை நடுநடுவே வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு செலவாகும். நொதி செலவாகாது, ஒன்றை முடித்துவிட்டு அடுத்த பிணைப்புக்குப் போய்விடும். ஆனால் கிளை பிரியும் கணுவில் மட்டும் அது கைவைக்காது. அதனால் கடைசியில் மிஞ்சுவது இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த மால்டோஸ், மூன்று சேர்ந்த மால்டோட்ரையோஸ், கிளையோடு கிடக்கும் டெக்ஸ்ட்ரின் துண்டுகள். தனிக் குளுக்கோஸ் மிகவும் குறைவு.

சோறு இரைப்பைக்குப் போனதும் அங்குள்ள அமிலம் எச்சில் நொதியை முடக்கிவிடுகிறது. அப்புறம் சிறுகுடலில் கணையம் புதிதாக அமைலேஸைச் சுரந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஆனாலும் துண்டுகள் துண்டுகளாகவே இருக்கின்றன. குடலோ தனித்தனிச் சர்க்கரையைத்தான் உறிஞ்சும்.

கடைசி வெட்டைப் போடும் நொதிகள் குடல் சுவரிலேயே பதிந்திருக்கின்றன. மால்டேஸ் மால்டோஸைப் பிரிக்கிறது. சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் ஒரே புரதம்தான், ஆனால் வேலை இரண்டு: ஒரு பாதி நாம் காப்பியில் போடும் சர்க்கரையைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைக்கிறது, மறு பாதி அமைலேஸ் தொடாமல் விட்ட கணுவை வெட்டுகிறது. பால் சர்க்கரைக்கு லாக்டேஸ். வளர்ந்தபின் இது குறைந்துபோனவர்களுக்குத்தான் பால் குடித்தால் வயிறு பொருமுகிறது.

வைக்கோலில் உள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் பிணைப்பு வேறு திசையில் அமைந்திருப்பதால் நம் நொதி எதுவும் அதில் பொருந்தாது. மாட்டுக்கும் சொந்தமாக அந்த நொதி கிடையாது. அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள்தான் உடைத்துக் கொடுக்கின்றன.

குடல் சுவரில் நடக்கும் இந்தக் கடைசி வெட்டைத் தாமதப்படுத்துவதற்கென்றே சர்க்கரை நோய்க்கு மாத்திரைகள் உண்டு: அக்கார்போஸ், வோக்லிபோஸ். சாப்பாட்டின் முதல் வாயோடு எடுத்துக்கொண்டால் அவை நொதியின் வெட்டும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். குளுக்கோஸ் மெதுவாகவே ரத்தத்தில் ஏறும். உடையாத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைப்பதால் வாயுத் தொல்லை வரும். பலர் மாத்திரையை நிறுத்துவதற்கு இதுதான் காரணம்.

இன்சுலினோடு சேர்த்து இந்த மாத்திரையையும் எடுப்பவருக்கு 'லோ சுகர்' ஆகிவிட்டால், வழக்கம்போல் ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போடுவது உடனே கைகொடுக்காது. அதை உடைக்க வேண்டிய சுக்ரேஸைத்தான் மாத்திரை கட்டிப்போட்டிருக்கிறதே! உடைக்க எதுவுமே இல்லாத குளுக்கோஸ் பொடியைத்தான் கொடுக்க வேண்டும்.