பசில் அட்வென்ச்சர்: தமிழில் புதிர்க்கதை ஆட்டம்

கதையும் புதிரும் பின்னிப் பிணைந்து வரும் கணினி ஆட்டங்களைப் 'பசில் அட்வென்ச்சர்' என்கிறார்கள். கையடக்கக் கருவிகளில் இந்த வகைக்கு எப்போதுமே தனி ரசிகர் கூட்டம் உண்டு. தமிழில் இதைப் 'புதிர் சாகச விளையாட்டு' என்று எழுதுகிறார்கள். புதிர் சரி, விளையாட்டும் சரி. நடுவில் நிற்கும் 'சாகசம்'தான் எனக்கு இடிக்கிறது.

சாகசம் வடமொழி 'ஸாஹஸ'த்திலிருந்து வந்த சொல். வலிமையைக் குறிக்கும் 'ஸஹஸ்' அதன் அடி. முன்பின் யோசிக்காமல் துணிந்து இறங்குவது என்பது பழைய பொருள். யோசிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஆட்டத்துக்கு இந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

ஆங்கிலச் சொல்லின் வேரில் வீரம் எதுவும் இல்லை. 'வந்து சேர்தல்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து 'வரவிருப்பது' என்ற பொருளில் ஒரு சொல் பிறந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'அட்வென்ச்சர்' ஆனது. அடுத்து என்ன வரப்போகிறது என்ற எதிர்பார்ப்புதான் அதன் மூலப்பொருள். 'பசில்' 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வினைச்சொல்லாகத் தலைகாட்டியது: திகைக்க வைத்தல், குழப்புதல். விளையாட்டுப் பொருளுக்குப் பெயரானது பிற்பாடுதான்.

ஆட்டங்களுக்கு 'அட்வென்ச்சர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்ட விதம் சுவையானது. 1970களின் நடுவில் வில் கிரவுதர் என்ற அமெரிக்க நிரலாளர் தன் மகள்களுக்காக ஒரு குகை ஆட்டத்தை எழுதினார். குகைகளுக்குள் இறங்கி ஆராய்வது அவருடைய பொழுதுபோக்கு. கென்டக்கியில் தான் சுற்றிய மம்மத் குகையையே அதில் வைத்தார். படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். ஓரிரு சொற்களில் கட்டளை தட்டினால் ஆட்டம் பதில் சொல்லும். 1977இல் டான் வுட்ஸ் என்ற இன்னொரு நிரலாளர் அதை விரிவாக்கினார். அந்த ஆட்டத்தை 'அட்வென்ச்சர்' என்றே அழைத்தார்கள். அதுபோல வந்தவற்றையெல்லாம் 'அட்வென்ச்சர் கேம்' என்று சொல்லிச் சொல்லி, ஓர் ஆட்டத்தின் பெயர் ஒரு வகையின் பெயராகிவிட்டது. ஆகவே அகராதியில் 'அட்வென்ச்சர்' பார்த்துச் 'சாகசம்' என்று பெயர்த்தால், இந்த வகையின் குணம் கைக்கு வராது.

அப்படியானால் குணம் எது? 2007இல் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த முதல் 'பேராசிரியர் லேட்டன்' ஆட்டத்தைப் பாருங்கள். ஒரு பேராசிரியரும் சிறுவனும் ஒரு கிராமத்துக்குப் போகிறார்கள். வழியில் பார்க்கிற ஆளெல்லாம் ஒரு புதிரை நீட்டுகிறார். முதலில் இது சாக்குப்போக்காகத்தான் தெரியும். ஊரே ஏன் இப்படிப் புதிர் போடுகிறது என்பதற்குக் கதைக்குள்ளேயே காரணம் இருக்கிறது. அது தெரிய வரும் இடத்தில் நான் அசந்துபோனேன். விளையாடாதவர்களுக்காக அதை இங்கே சொல்லாமல் விடுகிறேன். 2001இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவியில் ஜப்பானிய மொழியில் தொடங்கிய ஏஸ் அட்டர்னி என்ற நீதிமன்ற ஆட்ட வரிசையில் தனியாகப் புதிர் என்று எதுவும் வராது. சாட்சி சொல்வதற்கும் கையிலுள்ள ஆதாரத்துக்கும் நடுவே எங்கே முரண் என்று பிடிக்க வேண்டும். அங்கே கதையேதான் புதிர்.

கையடக்கக் கருவி இதற்கு அத்தனை தோதானது. டிஎஸ்ஸுக்கு மேலும் கீழுமாக, மடித்து மூடக்கூடிய இரண்டு திரைகள், கீழ்த்திரை தொடுதிரை. ஹோட்டல் டஸ்க் என்ற ஆட்டத்தில் கருவியைப் பக்கவாட்டில் திருப்பிப் புத்தகம்போலப் பிடிக்க வேண்டும். ஃபாண்டம் ஹவர்கிளாஸ் என்ற இன்னோர் ஆட்டத்தில் மேல்திரையில் இருக்கும் சின்னத்தைக் கீழே உள்ள வரைபடத்தில் பதிக்க வேண்டும். எந்தப் பொத்தானும் உதவாது. கருவியையே மூடித் திறக்க வேண்டும்! இன்னொன்றும் உண்டு. விடை வரவில்லையா, மூடி வைத்துவிடலாம். ஆட்டம் அதே இடத்தில் காத்திருக்கும், மனம் மட்டும் புதிரை விடாது. வேறு வேலையின் நடுவே விடை பளிச்சிட்டு, ஓடிப்போய் மூடியைத் திறந்த அனுபவம் எனக்குப் பல முறை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? புதிருக்குப் பழஞ்சொல் 'பிசி'. தொல்காப்பியச் செய்யுளியல் இதைத் தனி வகையாகவே பேசுகிறது. 'பிறை கவ்வி மலை நடக்கும்' என்று உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுக்கு விடை யானை. அழகான சொல், ஆனால் இன்று வழக்கில் இல்லை. அடுத்தது 'விடுகதை'. விடுவித்தலும் கதையும் ஒரே சொல்லில் இருக்கின்றன. நமக்கு வேண்டியதும் அதுதான். ஓரிரு வரிக் கேள்விக்கே அது பழகிப்போனதால், 'விடுகதை ஆட்டம்' என்றால் எல்லாரும் வேறொன்றை நினைப்பார்கள். ஜப்பானியர் புதிர் விடுவிப்பதை 'நஸோதொகி' என்பார்கள். 'நஸோ' புதிர், 'என்ன அது?' என்ற கேள்வியிலிருந்து வந்தது. 'தொகி' அவிழ்த்தல். நாமும் புதிரை அவிழ்க்கத்தானே செய்கிறோம்!

ஆகவே என் பரிந்துரை 'புதிர்க்கதை ஆட்டம்'. புதிரையும் கதையையும் பிரிக்காமல் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுங்கள். 'விளையாட்டு' என்றாலும் பிழையில்லை. பின்னொட்டாக வரும்போது 'ஆட்டம்' நாவில் எளிதாக உருள்கிறது, அவ்வளவே.

இதோடு சேர்ந்து வரும் இரண்டு சொற்களையும் பிரித்து ஆளலாம். கதைக்குள் கிடக்கும் தடயம் 'துப்பு'. நாம் திணறும்போது ஆட்டம் வெளியிலிருந்து தரும் உதவி 'குறிப்பு'. லேட்டனில் நாணயம் கொடுத்து வாங்குவது குறிப்பு. ஏஸ் அட்டர்னியில் சம்பவ இடத்தைத் துழாவி எடுப்பது துப்பு.