அத்திவாரம் வெட்ட முதல் படத்தை வாசியுங்கள்

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கங்களில் வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் கீறிக் கொடுப்பதும், வேலை நடக்கிற வளவில் நின்று மேற்பார்வை பார்ப்பதும் என் தொழில். படத்தைக் கையில் கொடுத்தால் அநேகமான குடும்பங்கள் ஒரே ஒரு தாளைத்தான் பார்க்கின்றன. அறை எத்தனை, குசினி எந்த மூலை, சாமியறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு, மிச்சத்தைப் பிரதேச சபைக்கு என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். பிறகு திருத்தவே முடியாத பிழைகள் பெரும்பாலும் அந்த மடித்து வைத்த தாள்களோடு சம்பந்தப்பட்டவை.

முதலில் எல்லோரும் பார்க்கிற அந்தத் தளப்படத்தையே எடுத்துக்கொள்வோம். அது வீட்டை மேலிருந்து பார்த்த காட்சி அல்ல. மேலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும். தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் வீட்டைக் கிடையாக அரிந்து, மேல் பகுதியை அகற்றிவிட்டுக் கீழே பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அரிபட்ட சுவர்கள் தடித்த கோட்டில் வரும். அதற்குக் கீழே தெரிகிற படி, விறாந்தை விளிம்பு எல்லாம் மெல்லிய கோட்டில் வரும். விட்டு விட்டுக் கீறிய கோடு, மறைந்திருப்பதை அல்லது தலைக்கு மேலே இருப்பதைக் காட்டும். கூரையின் தாழ்வாரம் அப்படித்தான் கீறப்படும். நீளக் கோடும் சின்னக் கோடும் மாறி மாறி வந்தால் அது மையக்கோடு. ஒரு பொருளை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் தனித்தனியே கீறி ஒன்றோடொன்று பொருத்தும் முறையை 18ஆம் நூற்றாண்டில் ஒழுங்கான கணிதமாக்கியவர் காஸ்பார் மோஞ் என்ற பிரெஞ்சுக்காரர். கோட்டை கட்டுவதற்குப் பயன்பட்டதால் அதைப் பல காலம் இராணுவ இரகசியமாக வைத்திருந்தார்கள். இன்று அது உங்கள் கையில் இருக்கிறது, வாசிக்காமல் விடாதீர்கள்.

வன்னியில் வீடு கட்டுகிறவர் எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்க்கவேண்டியது வெட்டுமுகப்படம். வீட்டை நிலைக்குத்தாக அரிந்து காட்டுகிற தாள் அது. அத்திவாரம் எவ்வளவு ஆழம், நிலமட்டத்திலிருந்து வீட்டுத்தரை எவ்வளவு உயரம், லிண்டல் (கதவு, யன்னலுக்கு மேலே வரும் விட்டம்) எங்கே, கூரை எவ்வளவு சரிவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இப்போதும் ‘நிலத்திலிருந்து 2 அடி’ என்று மட்டும் போட்ட வெட்டுமுகங்கள் என் கைக்கு வருகின்றன. எந்த இடத்து நிலத்திலிருந்து? கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற வளவிலேயே முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒன்றரை அடி வித்தியாசம் இருக்கலாம். வயல்கரை வளவு என்றால் சொல்லவே தேவையில்லை.

ஆகவே அசையாத ஒன்றை அடையாளமாக எடுங்கள்: வீதியோர மதகின் கட்டு அல்லது கிணற்றுக்கட்டு. அயலிலே உள்ள மூத்தவர்களிடம் அந்த வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். ‘இந்தச் சுவரிலை, இதிலை நிண்டது தம்பி’ என்று கையை வைத்துக் காட்டுவார்கள். அங்கே ஒரு கோடு போட்டு, தண்ணீர் நிரப்பிய தெளிவான ரியூப்பால் அந்த மட்டத்தை உங்கள் வளவுக்குக் கொண்டுவந்து ஒரு முளையில் குறியுங்கள். ரியூப்புக்குள் காற்றுக் குமிழி நிற்கக்கூடாது, நின்றால் மட்டம் பிழைக்கும். வீட்டுத்தரை அந்தக் குறிக்கு மேலே வரவேண்டும். எவ்வளவு மேலே என்பதைப் படம் கீறுகிறவரோடு பேசி, அசையாத அந்த அடையாளத்திலிருந்து அளந்த இலக்கமாக வெட்டுமுகத்தில் எழுதுவியுங்கள். ஒரு மத்தியான வேலை இது. தரை போட்டு முடிந்த பிறகு வீட்டை உயர்த்த ஒருவராலும் முடியாது.

அடுத்தது வளவுப்படம், வளவுக்குள் வீடு, கிணறு, குழி எல்லாம் எங்கே என்று காட்டுகிற தாள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று இடம் தாராளமாக இருப்பதால் இதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. உங்கள் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஆகக் குறைந்தது 50 அடி இருக்கவேண்டும். பக்கத்து வளவுக் கிணறும் இந்தக் கணக்கில் சேரும், அதனால் அதையும் படத்தில் குறிக்கச் சொல்லுங்கள். வடக்கு அம்புக்குறி இல்லாத வளவுப்படத்தை வாங்காதீர்கள். சோளகக் காற்று எந்த யன்னலால் வரும், மாரி மழை எந்தச் சுவரில் அடிக்கும் என்று அது இல்லாமல் சொல்லமுடியாது.

இலக்கங்களுக்கு வருவோம். படத்தில் அடிமட்டத்தை வைத்து அளக்கக்கூடாது, எழுதியிருக்கிற இலக்கத்தைத்தான் எடுக்கவேண்டும். 1:100 அளவில் (படத்தில் 1 அங்குலம் என்றால் நிலத்தில் 100 அங்குலம்) ஏ3 தாளில் கீறிய படத்தைக் கடையில் ஏ4ஆகச் சுருக்கிப் போட்டோக்கொப்பி எடுத்தால் அது 1:141 ஆகிவிடும். 10 அடி அறை, அளந்து பார்த்தால் 7 அடியாகத் தெரியும். சுருக்கிய கொப்பி மேசனின் சேட்டுப் பைக்குள் இருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். இன்னொரு ஆபத்து புள்ளி. 10.5 அடி என்பது 10 அடி 6 அங்குலம். அதை 10 அடி 5 அங்குலம் என்று வாசித்து நூல் அடிப்பவர்கள் (சுவர் வரும் இடத்தை நிலத்தில் நூல் கட்டிக் குறிப்பவர்கள்) நல்ல வேலைகாரர்களிலும் இருக்கிறார்கள். அடியும் அங்குலமும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிறகு கூட்டிப் பாருங்கள். 6 அங்குலச் சுவர், 10 அடி அறை, 6 அங்குலச் சுவர், 12 அடி மண்டபம், 6 அங்குலச் சுவர். மொத்தம் 23 அடி 6 அங்குலம். வெளி அளவு 23 அடி என்று எழுதியிருந்தால் ஏதோ ஒரு அறையில் அரை அடி காணாமல் போகப்போகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை கூட இதைச் செய்யும், கொடுத்துச் செய்விக்கலாம். நூல் அடித்த அன்று ஒரு மூலையிலிருந்து ஒரு நூலில் 6 அடியும் மற்ற நூலில் 8 அடியும் குறித்து, இரண்டு குறிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பாருங்கள். 10 அடி வந்தால்தான் மூலை சரி.

இந்திய அரசு இங்கே நடத்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா உதவியோடு கட்டிய வீடுகளுக்கு இப்போது பலர் அறையும் விறாந்தையும் கூட்டுகிறார்கள். பழைய கூரையின் தண்ணீர் புதிய கூரையில் எங்கே விழும், புதிய தரை பழைய தரையோடு எந்த மட்டத்தில் சேரும் என்பதைத் தளப்படம் சொல்லாது. சின்ன அறைதானே என்று விடாமல் அதற்கும் வெட்டுமுகம் கேளுங்கள்.

படத்தில் மாற்றம் செய்தால் திகதி போட்டு, பழைய கொப்பிகள் எல்லாவற்றையும் திருப்பி வாங்குங்கள். மேசனிடம் ஒன்று, தச்சரிடம் வேறொன்று இருந்தால் நிலை ஓரிடம், வாசல் வேறிடம் என்று ஆகும். கட்டுமானம் முடிந்ததும், தண்ணீர்க் குழாயும் வயரும் உண்மையில் எந்தச் சுவரால் போகின்றன, குழி எங்கே மூடப்பட்டது என்பதை ஒரு கொப்பியில் சிவப்புப் பேனையால் குறித்து, காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ வைத்திருக்கிற அதே உறைக்குள் வையுங்கள்.