கேப்சைசின்: காரமா, உறைப்பா?

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் அத்தைக்குப் போன வருஷம் முதுகில் அக்கி வந்தது. கொப்புளங்கள் ஆறிய பிறகும் வலி விடவில்லை. புடவைத் தலைப்பு பட்டாலே துடித்துப் போவார். தோல் முழுக்க ஆறியதும் மருத்துவர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். முதல் நாள் தடவிய கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன் வந்தது. "என்னடா இது, மிளகாயை அரைச்சுப் பூசின மாதிரி உறைக்குது!" டியூபில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். கேப்சைசின், 0.075 சதவீதம். அத்தை உவமையாகச் சொன்னது உள்ளபடியே உண்மை.

மிளகாயை மிளகாயாக்கும் பொருள்தான் கேப்சைசின். விதையில் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தசையில்தான் அது உண்டாகிறது. 1876-இல் ஜான் கிளஃப் த்ரெஷ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் இந்தப் பெயரை வைத்தார். செடியின் பேரினப் பெயரான கேப்சிகத்திலிருந்து வந்தது. கேப்சிகத்துக்கு மூலம் பெட்டியைக் குறிக்கும் லத்தீன் 'கேப்சா' என்பார்கள். கடிப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் என்பாரும் உண்டு.

நம் பக்கத்துக் கதை வேறு. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவரும்வரை இங்கே மிளகாயே கிடையாது, மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு மிளகை வைத்தே பெயரிட்டோம்: மிளகு, காய், மிளகாய். அத்தையின் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் மிளகை மெணசு என்பார், மிளகாயை மெணசினகாயி என்பார். இரண்டு மொழியும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

சரி, கேப்சைசின் செய்யும் வேலையைத் தமிழில் எப்படிச் சொல்வது? பேச்சில் எல்லோரும் 'காரம்' என்கிறோம். சமையலறையில் அதில் ஒரு குறையும் இல்லை. அறிவியல் எழுதும்போதுதான் இடிக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் அமிலத்துக்கு எதிரானது காரம். சோடியம் ஹைட்ராக்சைடு காரம். கேப்சைசினோ அமைடு என்ற வேறு வகைச் சேர்மம், அந்தக் கணக்கில் காரமே அல்ல. 'கேப்சைசின் ஒரு காரப்பொருள்' என்று எழுதினால் பத்தாம் வகுப்புப் பிள்ளை தவறாகத்தான் படிக்கும்.

என் கட்சி 'உறைப்பு'. இந்தச் சொல்லின் அருமை அதன் வினையில் இருக்கிறது. குழம்பு உறைக்கிறது. சித்திரை வெயில் சுள்ளென்று உறைக்கிறது. நாக்கில் படுவதையும் தோலில் படுவதையும் ஒரே வினையால் சொல்லிவந்திருக்கிறோம்.

நரம்பும் அப்படித்தான் செய்கிறது. வலியை உணரும் நரம்புச் செல்களின் சவ்வில் டிஆர்பிவி1 (TRPV1) என்று ஓர் ஏற்பி, அதாவது தூண்டுதலை வாங்கிக்கொள்ளும் புரதம், உண்டு. 1997-இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் அதை அடையாளம் கண்டது. 2021-இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த ஏற்பி ஒரு கதவு. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறினால் திறக்கும், கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகும். கேப்சைசின் கொழுப்பில் கரைவது. சவ்வுக்குள் நுழைந்து அதே கதவில் ஒட்டி, சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. அடுப்பா மிளகாயா என்று மூளைக்குத் தெரியாது. ஆகவே உறைப்பு நாக்கின் சுவைமொட்டு அறியும் சுவை அல்ல, சூட்டு வலி. (பறவைகளின் ஏற்பியைக் கேப்சைசின் அசைப்பதில்லை. கிளி மிளகாயை ரசித்துத் தின்பது அதனால்தான்.)

ஆகவே என் எழுத்தில் மூலக்கூறின் பெயர் கேப்சைசின் என்றே இருக்கும், அது செய்வது உறைப்பு, டிஆர்பிவி1 'உறைப்பேற்பி'. சூடு, மிளகாய் இரண்டுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

வலியைத் தூண்டுவதே வலிக்கு மருந்தாவது எப்படி என்று அத்தையும் கேட்டார். திரும்பத் திரும்பத் தடவும்போது அந்த ஏற்பி மரத்துப்போகிறது, தோலுக்கடியில் இருக்கும் நரம்பு முனைகள் சில காலம் செயல் குன்றுகின்றன. விட்டுவிட்டுத் தடவினால் எரிச்சல்தான் மிஞ்சும். மருத்துவர் சொன்ன வேளைப்படி விடாமல் தடவ வேண்டும். தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது.

மூன்றாவது வாரம் அத்தையே கூப்பிட்டார். "இப்ப களிம்பும் அவ்வளவா உறைக்கலடா, புடவை பட்டாலும் தாங்க முடியுது."